ஆறு வருடமாக என்னையே எனக்குக் காட்டிக்கொடுக்கும் பெட்டி

போன வாரம் என் பெட்டிக்கு, அதாவது மற்ற விமானங்கள் தாமே ஒலிபரப்பும் இடத்தையும் உயரத்தையும் (இந்த ஒலிபரப்புக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர்) கேட்டுத் திரையில் காட்டும் ரிசீவருக்கு, பேட்டரி மாற்றினேன். அந்தச் சாக்கில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். விமானி உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி ஒருவர் வேறு, "அண்ணா, கையடக்க ஏடிஎஸ்-பி ரிசீவர் வாங்கலாமா? ஜெட் விமானங்கள் பறக்கிற பக்கம் போனால் உதவுமா?" என்று ஒரு மாதமாகக் கேட்கிறார்.

நான் பறப்பது லாஸ் ஏஞ்சலஸ் பக்கம், டாரன்ஸ் விமான நிலையத்திலிருந்து. நான்கு பேர் பங்கு போட்டு வைத்திருக்கும் பழைய செஸ்னா 172, ஒற்றை எஞ்சின் சிறு விமானம். பெட்டியை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கம்பெனி பெயர் வேண்டாம், திட்டப்போகிறேன்.

பேய் பிரச்சினை. இடப்பக்கம் வளைகிறேன், ஹெட்செட்டில் பெட்டி கத்துகிறது: ட்ராஃபிக், ஆறு மணித் திசை, அதே உயரம், அரை மைலுக்கும் கிட்டே. அதாவது நேர் பின்னால் ஒருவன் ஒட்டிக்கொண்டு வருகிறான். முதல் தடவை வயிறு கலங்கிப்போனது. கழுத்தை ஒடித்துத் திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. அந்த ஒருவன் நான்தான்.

காரணம் புரிந்ததுதான். ஏடிஎஸ்-பி இல்லாத விமானங்களைத் தரை நிலையம் ரேடாரில் பார்த்து நமக்கு அனுப்புகிறது. நாம் ஒலிபரப்பும் இடமும் ரேடாரில் தெரியும் புள்ளியும் ஒரே விமானம்தான் என்று அது சில நேரம் சேர்த்துப் பார்க்கத் தவறுகிறது. ரேடார் சுமார் 5 வினாடிக்கு ஒருமுறைதான் சுற்றி வரும். அதனால் வளையும்போது என் பழைய இடம் இன்னொரு விமானமாகப் பின்னால் முளைக்கிறது. செயலியில் என் விமானத்தின் குறியீட்டைப் பதிந்தாயிற்று. பேய் வேறு குறியீட்டில் வருகிறது! கம்பெனிக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் அதே பதில்: இது தெரிந்த விஷயம்தான். தெரிந்தால்? ஆறு வருடத்தில் மூன்று மென்பொருள் அப்டேட், பேய் மட்டும் அப்படியே.

நியாயமாகவும் பேச வேண்டும் அல்லவா. வான் நுய்ஸ் விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது லாஸ் ஏஞ்சலஸ் பெரிய விமான நிலையத்துக்கு நேர் மேலே ஒரு வழி இருக்கிறது. தென்கிழக்கே போகிறவர்கள் 3,500 அடி, வடமேற்கே போகிறவர்கள் 4,500 அடி. ட்ரான்ஸ்பாண்டரில் (ரேடார் கேட்டால் பதில் அனுப்பும் கருவி) 1201 என்ற எண்ணை வைத்து, 128.55 அலைவரிசையில் நாமே நம் இடத்தைச் சொல்லிக்கொண்டு போக வேண்டும். கன்ட்ரோலர் யாரும் கூட வரமாட்டார். கீழே நான்கு ஓடுபாதைகளில் ஜெட்டுகள் இறங்கி ஏறிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் திரையில் ஒவ்வொன்றும் தன் அழைப்புப் பெயரோடும் உயரத்தோடும் நகர்வதைப் பார்க்கும் சுகமே தனி. எந்த 737 எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உடனே தெரிந்துவிடும். இதில் வானிலை ரேடார் படம் இலவசமாக வருவதை நான் கணக்கில்கூடச் சேர்க்கவில்லை.

ஒரு காலை, பாலோஸ் வெர்டீஸ் பயிற்சிப் பகுதியில், இரண்டு மணித் திசையில் 300 அடி கீழே ஒருவன் என்றது. பார்க்கிறேன், பார்க்கிறேன், ஒன்றுமில்லை. கடைசியில் கண்ணில் பட்டபோது, இவ்வளவு நேரம் கண்ணாடியில் ஒட்டிய பூச்சி என்று நினைத்தேனே, அதுதான். மோத வருகிற விமானம் அப்படித்தான்: கண்ணாடியில் அங்கே இங்கே நகராது, ஒரே இடத்தில் நிற்கும், கடைசி சில வினாடிகளில்தான் பெரிதாகும். நகர்வதைத்தான் கண் சட்டென்று பிடிக்கும்.

டாரன்ஸில் இதைப் பேசினால் 1986-க்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த ஆகஸ்ட் 31 அன்று எங்கள் ஓடுபாதையிலிருந்துதான் பைப்பர் ஆர்ச்சர் என்ற சிறு விமானம் ஒன்று பிக் பேர் என்ற மலை ஊருக்குக் கிளம்பியது. அனுமதி இல்லாமல், தெரியாமலேயே, கட்டுப்பாட்டு வான்வெளிக்குள் நுழைந்துவிட்டது. செரிடோஸ் ஊருக்கு மேலே, இறங்கிக்கொண்டிருந்த ஏரோமெக்ஸிகோவின் டிசி-9 பயணி ஜெட்டின் வாலில் மோதியது. விமானங்களில் 67 பேர், தரையில் 15 பேர் இறந்தார்கள். பைப்பரில் ட்ரான்ஸ்பாண்டர் இருந்தது, ஆனால் உயரத்தைச் சொல்லாத வகை. கன்ட்ரோலர் திரையில் அதைக் கவனிக்கவில்லை. டிசி-9-இல் டிகாஸும் (பக்கத்து விமானங்களின் ட்ரான்ஸ்பாண்டரைக் கேட்டு மோதல் வருமென்று எச்சரிக்கும் கருவி) இல்லை. கண்ணால் பார்த்து விலகு என்ற விதியை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பதை விசாரணை அறிக்கையே சொன்னது. 1978-இலேயே சான் டியேகோவில் ஒரு 727 ஜெட்டும் ஒரு செஸ்னா 172-உம் மோதி 144 பேர் போயிருந்தார்கள். அங்கே ஜெட் விமானிகள் செஸ்னாவை முதலில் பார்த்துத்தான் இருந்தார்கள். அப்புறம் தவறவிட்டார்கள்.

செரிடோஸுக்குப் பிறகுதான் 30 இருக்கைக்கு மேற்பட்ட பயணி விமானங்களில் 1993 முடிவுக்குள் டிகாஸ் கட்டாயமானது. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் நமக்கு உயரம் சொல்லும் ட்ரான்ஸ்பாண்டரும் கட்டாயம். 2020 ஜனவரி 1 முதல் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பும் சேர்ந்துகொண்டது.

தம்பி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஜெட்டைக் காப்பாற்றுவது நம் விமானத்தில் பதித்திருக்கும் ட்ரான்ஸ்பாண்டர். அது உயரத்தைச் சொன்னால்தான் ஜெட்டின் டிகாஸ் தன் விமானியிடம் ஏறு, இறங்கு என்று கட்டளையிடும். இந்தப் பெட்டி வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மின்சாரமே இல்லாமல் பிறந்த பழைய பைப்பர் கப் சிறு விமானங்களுக்கும், எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர்களுக்கும் ஏடிஎஸ்-பி விலக்கு உண்டு. அவை உங்கள் திரையில் வராமலே போகலாம்.

அதனால் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பயிற்சியாளரோடு கூடுதலாகச் சில மணி நேரம் பறந்து, வெளியே பார்க்கப் பழகுங்கள். ஞாயிற்றுக்கிழமை வான் நுய்ஸ் போகிறேன், வலப்பக்க இருக்கை காலி. வந்தால் பெட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஜன்னலில் ஒட்டும் ரப்பர் பிடி போன மாதமே போய்விட்டது. பின்னால் ஒருவன் வருகிறான் என்று கத்தினால் மட்டும் திரும்பிப் பார்க்காதீர்கள்.