நிம்பஸா, பாண்டாயா, 1080-ஆ? சேலம் ரோட்டுக்கும் ஏற்காட்டு இறக்கத்துக்கும் ஒரே ஷூ

நிம்பஸ், பாண்டாய், 1080 என்ற மூன்று ஓட்ட ஷூக்களையும் கடையின் டைல்ஸ் தரையில் நின்று மாட்டிப் பார்த்தால் மூன்றும் மெத்தைதான். ஷூவின் அடிப்பாகமான சோலைக் கட்டைவிரலால் அமுக்கினாலும் பெரிதாக எதுவும் பிடிபடாது. அஸ்தம்பட்டியில் கிளம்பி கோரிமேடு தாண்டி அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் வித்தியாசம் கொஞ்சம் தெரியும். மலையேறி இறங்கினால் முழுசாகத் தெரிந்துவிடும்.

சேலத்தில் ஓடுபவர்களுக்கு வாய்த்த ரோடு இரண்டு விதம். வார நாட்களில் காந்தி மைதானம், மூக்கனேரி என்று ஏழெட்டு கிலோமீட்டர் சமதளம். ஞாயிறு என்றால் ஏற்காட்டு மலைப்பாதை: 20 கொண்டை ஊசி வளைவு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம், ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏற்றம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஜோடி வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது ஷூ பாதத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது என்பதை. மிருது அதற்கு அப்புறம்தான்.

இங்கே எடுத்துக்கொண்டவை ஆசிக்ஸ் ஜெல் நிம்பஸ் 27, ஹோக்கா பாண்டாய் 9, நியூ பேலன்ஸ் 1080-இன் 14-ஆம் பதிப்பு. ஆண்கள் அளவில் எடை 305 கிராம், 297 கிராம், 298 கிராம். எடையைப் பார்த்து ஒன்றைத் தள்ள வழியில்லை. நிம்பஸின் சோல் குதிகாலில் 43.5 மில்லிமீட்டர், முன்பாதத்தில் 35.5. பாண்டாய் 43-க்கு 38. 1080 கொஞ்சம் தாழ்வு, 38-க்கு 32. அதாவது குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம், கடைக்காரர் டிராப் என்று சொல்வது, நிம்பஸில் 8, பாண்டாயில் 5, 1080-இல் 6.

இந்த டிராப்பை வைத்துத்தான் நிறைய வாக்குவாதம் நடக்கிறது. மலைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் என்றால் சராசரிச் சரிவு நூற்றுக்கு ஐந்து. முப்பது சென்டிமீட்டர் நீள ஷூவை அந்தச் சரிவில் வைத்தால் முனைக்கும் குதிகாலுக்கும் 15 மில்லிமீட்டர் வித்தியாசம் தானாகவே வந்துவிடும். இறங்கும்போது ரோடே இவ்வளவு சாய்ந்திருக்க, ஷூவில் 5-ஆ 8-ஆ என்பது பெரிய விஷயமே இல்லை. ஏறும்போதுதான் அது கணக்கில் வரும். ஏற்றத்தில் முனை மேலே, குதிகால் கீழே. கெண்டைக்காலும் குதிகால் தசைநாரும் இழுபடும். 8 டிராப் அந்த 15-இல் பாதியைச் சரிக்கட்டுகிறது. 5 டிராப் மூன்றில் ஒரு பங்கைத்தான் சரிக்கட்டும். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் தசைநார் பிடித்துக்கொள்கிறவர் பாண்டாயைப் போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறுவது வேண்டாத வேலை. முழங்கால் வலிக்காரருக்குக் கதை வேறு. டிராப் குறைந்தால் பாரத்தில் ஒரு பகுதி முழங்காலை விட்டுக் கெண்டைக்காலுக்குப் போகும். அவருக்கு பாண்டாயோ 1080-ஓ ஒத்துவரலாம், முதல் மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டால்.

இறக்கத்துக்கு வருவோம். ஹோக்கா பிறந்ததே இறக்கத்துக்காக என்பது சேலத்துக்காரர்களுக்குப் பிடிக்கும் தகவல். நிக்கோலா மெர்மூ, ழான் லுக் தியார் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மலைச்சரிவில் வேகமாக இறங்க ஒரு ஷூ வேண்டும் என்று 2009-இல் தொடங்கிய கம்பெனி அது. சோலில் உயரமான ஃபோம் (மெத்தை நுரை), அதைத் தாங்க அகலமான அடி, முன்னும் பின்னும் படகு போல வளைந்த சோல். பாண்டாய் 9-இல் அந்தப் படகு வளைவு நன்றாகவே வேலை செய்கிறது. குதிகால் தரையில் பட்டதும் பாதம் முன்னே உருண்டுவிடும், பெருவிரல் மூட்டு அதிகம் மடங்காது. பெருவிரல் மூட்டு விறைத்துப் போனவர்களுக்கு மூன்றில் இதுதான் இதம்.

ஆனால் இறக்கத்தில் ஷூவைத் தோற்கடிப்பது பெரும்பாலும் சோல் இல்லை, மேல்துணிதான். ஒவ்வொரு அடியிலும் பாதம் ஷூவுக்குள்ளே முன்னால் சறுக்கும். விரல் நுனி முட்டும். இப்படி ஆயிரக்கணக்கான அடி. திங்கட்கிழமை பெருவிரல் நகத்துக்கு அடியில் கருஞ்சிவப்பாக ரத்தம் கட்டியிருக்கும். ஷூ சிறிசு என்று நினைத்து அடுத்த தடவை பெரிசு வாங்குவார்கள். உள்ளே இடம் கூடினால் சறுக்கலும் கூடும், நகம் மறுபடியும் கறுக்கும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். மிச்ச வேலையை லேஸ் செய்ய வேண்டும்.

எப்படி என்றால், ஷூவின் கழுத்தோரம், லேஸ் கோர்க்கும் மேல் கண்ணுக்குப் பின்னால் காலியாக ஒரு ஓட்டை இருக்கும். மேல் கண் வழியாக வெளியே வந்த லேஸை அதே பக்கத்துக் காலி ஓட்டையில் வெளியிலிருந்து உள்ளே விடுங்கள். சின்ன வளையம் ஒன்று உருவாகும். இரண்டு பக்கமும் இப்படிச் செய்து, வலது லேஸை இடது வளையத்திலும் இடது லேஸை வலது வளையத்திலும் நுழைத்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். கணுக்காலைச் சுற்றி இறுகும், முன்பாதம் தளர்வாகவே இருக்கும். கீழ்க்கண்களை இறுக்கக் கூடாது. இறுக்கினால் பாதத்தின் மேல்பக்கம் மரத்துப்போகும்.

இந்தப் பிடியில் நிம்பஸ் முந்துகிறது. குதிகால் கிண்ணம் திண்டு வைத்து ஆழமாக இருக்கிறது. 1080-இன் மேல்துணி இளக்கமானது, காற்றோட்டம் நல்லது. ஏப்ரல், மே மாதச் சேலத்தில் அதன் அருமை தெரியும். பாதம் ஒல்லியாக உள்ளவருக்கோ அது வளைவுகளில் பக்கவாட்டில் நழுவும். பாண்டாய்க்கு அடி அகலம் இருந்தாலும் உயரமும் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில், சரிவு செங்குத்தாகும் இடத்தில், கால் திரும்பும்போது கணுக்கால் ஆடுவது தெரியும். வண்டி வராத இடைவெளி பார்த்து வெளிவிளிம்பில் திரும்புவது எந்த ஷூவுக்கும் நல்லது.

அடி ரப்பர் பற்றி: மழைக்கால ஏற்காட்டில் ரோட்டோரம் பாசி, பனிமூட்டம், ஈர இலை. நிம்பஸின் ரப்பர் ஈரத் தாரில் நம்பிக்கையாகப் பிடிக்கிறது. 1080-இன் முந்தைய பதிப்பில் ஃபோம் வெளியே தெரியும் இடம் அதிகம். 14-இல் ரப்பரைக் கூட்டியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்ட் ரோட்டோரத்தில் உப்புத்தாள் போல வேலை செய்யும். ரப்பர் மூடாத ஃபோம் அதில் சீக்கிரம் தேயும்.

சமதளத்தில் ஆட்டம் மாறுகிறது. மெதுவாக ஒரு மணி நேரம் ஓட நிம்பஸும் பாண்டாயும் போதும். நடுவில் நான்கைந்து தடவை வேகத்தைக் கூட்ட நினைத்தால் இரண்டும் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். தாழ்வான சோல் என்பதால் 1080 அங்கே இலகுவாக ஓடுகிறது. மலைப் பக்கமே போகாதவருக்கு அதைத்தான் சொல்ல வேண்டும்.

'எடை கூடியவருக்குத்தான் குஷன்' என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020-இல் வெளியான லக்சம்பர்க் ஆய்வில் 848 பேரை ஆறு மாதம் கவனித்தார்கள். கடினமான சோல் போட்டவர்களுக்குக் காயம் அதிகம். மிருதுவான சோலால் தெளிவாகப் பலன் கண்டவர்கள் எடை குறைந்தவர்கள்தான். குஷன் இருக்கிறதே என்று வேகத்தையும் தூரத்தையும் கூட்டுவதும் தப்பு. 2018-இல் பின்லாந்தில் செய்த ஒரு சோதனையில், அதிக குஷன் ஷூவோடு வேகமாக ஓடியபோது கால் தரையில் மோதும் விசை சாதாரண ஷூவைவிடக் கூடவே இருந்தது. மிருதுவில் கால் விறைப்பாக இறங்குகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

ஆக, வாரம் ஒருமுறையாவது மலை ஏறி இறங்குகிறவருக்கு நிம்பஸ். பெருவிரல் மூட்டு தொந்தரவு இருந்து, ஓட்டமும் நடையுமாகப் போகிறவருக்கு பாண்டாய். சமதளம் மட்டும் என்றால் 1080. பாதம் அகலமானவர் எதை எடுத்தாலும் அகலம் கூடிய 2இ அளவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, ஓடும் சாக்ஸோடு கடைக்குப் போங்கள். ஷூவுக்குள் விரித்திருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் நின்று பாருங்கள். சுண்டுவிரல் விளிம்பைத் தாண்டினால் அந்த ஷூ வேண்டாம். மூன்றும் விலை கூடியவை. முந்தைய பதிப்பு தள்ளுபடியில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். நிம்பஸ் 26-இன் சோல் 27-ஐவிட 2 மில்லிமீட்டர்தான் தாழ்வு.

ஈரமாகிவிட்டால் இன்சோலை எடுத்துவிட்டு, நியூஸ் பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள். மொட்டை மாடி வெயிலும் மூடிய கார் டிக்கியும் பசையையும் ஃபோமையும் கெடுக்கும். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். இறக்கம் அதிகம் ஓடினால் 500-ஐ ஒட்டியே எதிர்பாருங்கள். மேஜையில் ஜோடியாக வைத்துப் பின்பக்கமாகப் பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலோ, சோலின் பக்கவாட்டு மடிப்புக் கோடுகள் இரவு முழுக்க ஓய்வு கொடுத்தும் மறையாமல் இருந்தாலோ, அந்த ஜோடியை நடைக்கு மாற்றிவிட்டு மலைக்குப் புதியதை எடுங்கள்.