வேகமாக அடித்த இண்டிகேட்டருக்கு 5,850 ரூபாய்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் எலெக்ட்ரிக்கல் வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கடை பெயரைப் போடப்போவதில்லை. ஆள் மாறினாலும் இந்த வித்தை மாறாது.

என்னுடையது 2009 மாருதி 800. 15 வருஷம் முடிந்ததால் ஆர்.சி. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வலது இண்டிகேட்டர் படபடவென்று இரட்டை வேகத்தில் அடிக்க ஆரம்பித்தது. வலது ஹெட்லைட்டும் மங்கல். இன்னொரு விசித்திரம்: ஹெட்லைட் போட்டுக்கொண்டு வலது இண்டிகேட்டரையும் போட்டால், அந்தப் பக்கத்துப் பார்க்கிங் லைட்டும் கூடவே கண் சிமிட்டும்.

தெரிந்தவருக்கு இந்த மூன்றையும் சொன்னாலே போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். எனக்குத் தெரியவில்லை. அவசரம் என்பதையும் நானே வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன்.

கடைக்காரர், கரண்ட் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்பைக் கையிலேயே எடுக்கவில்லை. ஸ்டியரிங் பக்கம் குனிந்து பார்த்தார். "சார், காம்பினேஷன் ஸ்விட்ச் போச்சு. ஒயரிங்கும் காஞ்சு போயிருக்கு. சாயங்காலம் வாங்க" என்றார். லைட்டையும் இண்டிகேட்டரையும் போடும், ஸ்டியரிங்கை ஒட்டிய ஸ்விட்ச்தான் அது. சாயங்காலம் போனால் பில் தயார். ஸ்விட்ச் 1,900, ஃபிளாஷர் (இண்டிகேட்டரைக் கண் சிமிட்ட வைப்பது) 350, பல்ப் ஜோடி 900, ஒயரிங் 1,500, லேபர் 1,200. மொத்தம் 5,850. இண்டிகேட்டர் ஒழுங்கான வேகத்தில் அடித்தது, ஹெட்லைட் வெளிச்சத்தில் கண் கூசியது. காசைக் கொடுத்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன். ஆய்வும் முடிந்தது.

அந்தச் சனிக்கிழமை இரவு திண்டிவனம் போகிற வழியில், மேல்மருவத்தூர் தாண்டியதும் பிளாஸ்டிக் கருகும் வாடை. முதலில் வெளியே குப்பை எரிக்கிறார்கள் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டியரிங் அடியிலிருந்து புகை, இரண்டு ஹெட்லைட்டும் ஒரே நேரத்தில் அவுட். பின்னால் லாரி, பக்கத்தில் மனைவி, பின்சீட்டில் தூங்கும் பையன். ஹசார்ட் போட்டு ஒரு டீக்கடை ஓரமாக எப்படியோ ஒதுக்கினேன். பேட்டரி ஒயரைக் கழற்றும்போது கை நடுங்கியது.

மறுநாள் திண்டிவனத்தில் ஒரு வயதான எலெக்ட்ரீஷியன் பார்த்தார். ஃப்யூஸ் பெட்டியைத் திறந்ததும் சிரித்துவிட்டார். நீல நிற 15 ஆம்பியர் இருக்கவேண்டிய இடத்தில் பச்சை நிற 30. "ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுத்தியிருக்கான் தம்பி, அது பாடில பட்டு ஃப்யூஸ் போயிட்டே இருந்திருக்கும். அதான் பெருசா சொருகிட்டான்." ஹெட்லைட் பல்பும் வண்டிக் கம்பெனி கொடுத்த 60/55 வாட் இல்லை, 100/90. என் வண்டியில் ஹெட்லைட்டுக்கு ரிலே (ஸ்விட்சுக்குப் பதிலாகப் பெரிய கரண்ட்டைத் தாங்கும் சாமான்) கிடையாது. அந்தக் கரண்ட் முழுக்க ஸ்விட்ச் வழியாகத்தான் போகிறது. அதுவும் டூப்ளிகேட் ஸ்விட்ச். உருகாமல் என்ன செய்யும்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஃபிளாஷர் விஷயத்தில்தான். சாதாரண ஃபிளாஷர், ஒரு பக்கம் பல்ப் போனாலோ எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) சரியாகக் கிடைக்காவிட்டாலோ வேகமாக அடித்துக் காட்டிக்கொடுக்கும். அவர் போட்டது எல்.இ.டி. பல்புக்கான ஃபிளாஷர். பல்ப் எரிந்தாலும் எரியாவிட்டாலும் அதே வேகம்தான். கோளாறைச் சரிசெய்யவில்லை, காட்டிக்கொடுத்ததன் வாயைத்தான் அடைத்திருக்கிறார். முன் வலது இண்டிகேட்டர், வண்டியை எடுத்த அன்றும் மின்மினி மாதிரிதான் எரிந்துகொண்டிருந்தது. இடது ஹெட்லைட்டின் பளபளப்பில் நான் கவனிக்கவே இல்லை.

பெரியவர் ஒரு நீள ஒயரை பேட்டரியின் நெகட்டிவிலிருந்து இழுத்து வலது பக்க எர்த் ஒயரில் வைத்தார். இண்டிகேட்டர் பளிச். எடுத்தார், மங்கல். அவ்வளவுதான் சோதனை. ஹெட்லைட் பின்னால் பாடியில் முடுக்கிய எர்த் போல்ட் துருவேறிக் கிடந்தது. முதலில் சொன்ன மூன்று கோளாறுக்கும் காரணம் அதுதான். கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கொஞ்சம் கிரீஸ் தடவி முடுக்கினார். பத்து நிமிஷம். இதற்கு 150 ரூபாய். கருகிய ஒயர், புது ஸ்விட்ச், ரிலே, பழைய அளவு பல்ப் எல்லாம் தனிக் கணக்கு. அது முதல் பில்லை விடப் பெரிது, எழுத மனமில்லை.

அதனால் கையை வைக்கும் முன்னே "எர்த் பார்த்தீங்களா, எனக்குக் காட்டுங்க" என்று கேளுங்கள். வேலை முடிந்ததும் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் அச்சடித்த எண்ணும் உள்ளே இருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கழற்றிய பழைய சாமானை எப்படியாவது வாங்கிவிடுங்கள்.

நான் வாங்கவில்லை. ஊர் திரும்பியதும் பழைய ஸ்விட்சைக் கேட்டுக் கடைக்குப் போனேன். "அது அன்னைக்கே காயலாங்கடைக்குப் போயிடுச்சே சார்" என்றார். கம்பெனி ஸ்விட்ச் அது. அவர் கழற்றுகிற நிமிஷம் வரை நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது.