போனில் விற்ற ‘இலவச இரவு’: மும்பைக்கு அப்பா அம்மாவை அழைக்கும் முன் இதைப் படியுங்கள்

ஜனவரியில் அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் மும்பைக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் இதுதான் முதல் முறை. செம்பூரில் நாங்கள் இருப்பது ஒரு ஹால், ஒரு படுக்கையறை வீடு. மூன்று வாரமும் அதற்குள்ளேயே அடைந்து கிடக்காமல், ஒரு சனி ஞாயிறாவது அவர்கள் இருவரையும் கடல் பக்கம் ஒரு நல்ல ஹோட்டலில் தங்க வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மரைன் டிரைவ் விளக்குகளை அம்மா டிவியில்தான் பார்த்திருக்கிறாள். அதை ஜன்னல் வழியாக, காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு அவள் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

அதற்காகத்தான் ஆகஸ்டில் ஒரு ஹோட்டல் மெம்பர்ஷிப் வாங்கினேன். ஹோட்டல் பெயரை இங்கே எழுதவில்லை, புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மதிய இடைவேளையில் போன் வந்தது. முதலில் இந்தி. என் பெயரைச் சொன்னதும் அந்தப் பையன் தமிழுக்கு மாறிவிட்டான். “அண்ணா, நானும் மதுரைப் பக்கம்தான்” என்றான். மும்பையில் இருபது வருடம் இருந்தாலும் தமிழ்க்குரல் கேட்டால் மனசு இளகிவிடுகிறது. வருடத்துக்கு 14,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. அதற்கு இரண்டு இலவச இரவு வவுச்சர், ஹோட்டலில் சாப்பிட்டால் தள்ளுபடி. நான் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்: “நான் தங்க மாட்டேன், அப்பா அம்மாதான் தங்குவார்கள், பரவாயில்லையா?” “தாராளமா அண்ணா, உங்க பேர்ல புக் பண்ணிட்டு அவங்க பேரையும் சேர்த்துக்கலாம். கடல் பார்த்த ரூமே போட்டுத் தரச் சொல்றேன்” என்றான். பணம் கட்ட லிங்க் வந்தது. 16,520 ரூபாய் கட்டினேன்.

வவுச்சர் மெயிலில் வந்தது. அதோடு 11 பக்கத்தில் விதிமுறைகள். முதல் பக்கம் மட்டும் படித்தேன். அங்கேதான் தவறினேன்.

முதலில் டிசம்பர் கடைசி வாரத்துக்குக் கேட்டபோது இடமில்லை என்றார்கள். சரி, அது எல்லோரும் ஊர் சுற்றும் நேரம். ஜனவரி மூன்றாம் வாரம் சனி, ஞாயிறு இரண்டு இரவு கிடைத்தது. கன்ஃபர்ம் ஆன மெயிலில் ‘இரண்டு விருந்தினர்’ என்று தெளிவாக இருந்தது. அந்த ஞாயிறுதான் மும்பை மாரத்தான் என்பது அப்போது என் மனசில் படவில்லை. வருடாவருடம் ஜனவரி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நடப்பது அது. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தில் தொடங்கி மரைன் டிரைவ் வழியாகத்தான் ஓடுவார்கள். அந்த இரண்டு நாளும் தென்மும்பை அறைகளின் விலை எகிறிவிடும். இலவச அறைக்கு அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று உங்களுக்குத் தோன்றலாம். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் ரிசப்ஷனில் நின்றோம். அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். முதலில் வந்த செய்தி: வவுச்சரில் மெம்பர் தங்கியே ஆக வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. ஓர் அறைக்கு இரண்டு பேர்தான். அப்படியென்றால் அந்த இரண்டு பேரில் ஒருவர் நான். மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் படுக்கை, ஓர் இரவுக்கு 2,500, வரி தனி. போனில் சொன்னதைச் சொன்னேன். மேனேஜர் வந்தார், 7-ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அதை மறைக்க மாட்டேன்.

அப்பா ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் என் தோளைத் தொட்டு, “ஏலே, நான் செம்பூருக்கே போயிருதேன். நீ அம்மா கூட இரு” என்றார். கூடுதல் படுக்கைக்குப் பணம் கட்டுகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன். “ஓசின்னு கூட்டிட்டு வந்து இன்னும் எத்தனை கட்டுவ?” என்று கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு என் மனைவியோடு கிளம்பிவிட்டார்.

இரண்டாவது, வரி. இலவச இரவுக்கும் ‘அன்றைய டேரிஃப்’, அதாவது அன்றைய அறை வாடகை மேல் வரி கட்ட வேண்டும் என்று விதிமுறையில் எழுதியிருந்தது. நாள் வாடகை 7,500 ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மாரத்தான் வாரம் என்பதால் அன்றைய டேரிஃப் 22,000. ஓர் இரவுக்கு 3,960, இரண்டு இரவுக்கு 7,920. அதை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். வாங்காத வாடகைக்கு எப்படி வரி என்று கேட்டேன். மறுபடியும் அதே 11 பக்கத்தைத்தான் காட்டினார்கள்.

அறை ஒன்பதாவது மாடி. ஜன்னல் திரையை விலக்கினால் பக்கத்துக் கட்டடத்து ஏசி பெட்டிகள். வவுச்சருக்கு ஆகக் கீழ்நிலை அறைதான், கடல் பார்த்த அறைக்கு வித்தியாசத் தொகை கட்ட வேண்டுமாம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “அப்பா சாப்பிட்டிருப்பாரா?” என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள்.

மறுநாள் காலைச் சாப்பாடும் சேர்த்தி இல்லை. ஆளுக்கு 1,100 ரூபாய், 18 சதவீத வரி தனி. பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். அதை எடுக்கச் சொன்னேன், எடுத்துவிட்டார்கள். இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாலையெல்லாம் அடைத்திருந்ததால் அப்பா ஹார்பர் லைன் ரயிலில் சி.எஸ்.எம்.டி. வந்து, அங்கிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். அம்மா அவரைப் பார்த்ததும், “கிளம்பலாம்” என்றாள். இரண்டாவது இரவு வேண்டாம் என்று காலி செய்தோம். வவுச்சரும் போனது, அந்த இரவுக்குக் கட்டிய வரியும் திரும்ப வரவில்லை.

மொத்தம் 27,036 ரூபாய். அதே ஹோட்டலில் பிப்ரவரி செவ்வாய்க்கிழமை ஒன்றுக்கு விலை பார்த்தேன், 13,000. வரியோடு 15,340. நேராகப் பணம் கட்டியிருந்தால் அப்பாவும் அம்மாவும் ஒரே அறையில் இருந்திருப்பார்கள்.

நம்மில் பலர் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். மேரியட் பான்வாய், ஹில்டன் ஆனர்ஸ், வேர்ல்ட் ஆஃப் ஹயாட், ஐ.எச்.ஜி. ஒன் ரிவார்ட்ஸ் போன்ற ஹோட்டல் பாயிண்ட் திட்டங்களில் சேரக் காசு வேண்டாம். தங்கித் தங்கிச் சேர்க்கும் பாயிண்டில்தான் இலவச இரவு. போனில் விற்பது வருடச் சந்தா, முக்கியமாகச் சாப்பாட்டுத் தள்ளுபடிக்கானது. கூடவே ஒட்டிக்கொண்டு வருவதுதான் அந்த வவுச்சர். விதிகள் முற்றிலும் வேறு. பாயிண்ட் திட்டத்திலும் கவனம் வேண்டும். எந்த ஹோட்டலுக்கு எத்தனை பாயிண்ட் என்ற நிலையான அட்டவணையை மேரியட் 2022-இல் எடுத்துவிட்டது, அதனால் ஊர் நிரம்பும் நாளில் பாயிண்டும் ஏறும். கடைசித் தேதி போட்ட இலவச இரவுச் சான்றுகளில், பெரும்பாலும் அந்தத் தேதிக்குள் தங்கியே முடித்திருக்க வேண்டும், புக் செய்தால் மட்டும் போதாது.

யாராவது இப்படி விற்றால், பணம் கட்டும் முன் மெயிலில் எழுதி வாங்குங்கள். நான் இல்லாமல் பெற்றோர் மட்டும் தங்கலாமா, இலவச இரவுக்கு வரி உண்டா, எந்த விலையின் மேல், எந்த வகை அறை, காலைச் சாப்பாடு சேர்த்தியா, செல்லாத தேதிகள் எவை. போனில் “தாராளமா” என்று சொன்னவர் எழுத்தில் தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

நான் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம். அதற்குப் பிறகுதான் ஹோட்டலிலிருந்து பதில் வந்தது: இருவருக்கு மதியச் சாப்பாடு வவுச்சர் தருகிறோமாம். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. அந்த ஆகஸ்ட் போன் பேச்சு மட்டும் என்னிடம் பதிவாகி இருந்திருந்தால் வேலை சுலபமாகியிருக்கும். உங்களில் யாராவது இந்த மாதிரி மெம்பர்ஷிப்பை சமீபத்தில் வாங்கியிருந்தால், வவுச்சரை இன்னும் தொடவில்லை என்றால், போனில் என்னென்ன சொன்னார்கள் என்பதை இன்றைக்கே ஒரு மெயிலாக எழுதி அவர்களுக்கே அனுப்பி, ஆமாவா இல்லையா என்று பதில் கேளுங்கள்.