காந்தி வீதியில் வாங்கிய பிரெஞ்சுப் பெட்டி: ஆர்யாவுக்காக மட்டும் பார்க்கலாம்

புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில், நாவல்களை வைத்து எடுத்த ஆங்கில டிவி தொடரான 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முழுத் தொடர் டிவிடி பெட்டி கண்ணில் பட்டால் வாங்கலாமா என்று எங்கள் சிலம்ப வகுப்புப் பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். உங்களுக்காக என்றால் வாங்குங்கள். பிள்ளைகளுக்காக என்றால் வேண்டவே வேண்டாம்.

எனக்குக் கிடைத்தது பிரான்ஸ் பதிப்பு. புதுச்சேரியில் இது அதிசயமில்லை. பிரான்சுக்குப் போய் வருகிற குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தால் குக்கர் முதல் புத்தகம் வரை காந்தி வீதி நடைபாதைக்கு வந்துவிடும். "ஃபாரின் ஐட்டம்க்கா, எட்டு சீசனும் இருக்கு" என்று அந்தத் தம்பி ஆயிரத்தில் ஆரம்பித்தார், அறுநூறில் படிந்தது. வாங்குவதற்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். என் பெட்டியில் ஐந்தாம் சீசன் டிஸ்க் ஒன்றில் கீறல், நடுவில் திக்கித் திக்கி ஓடுகிறது.

அதைவிடப் பெரிய தொல்லை மண்டலக் கணக்கு, அதாவது எந்த நாட்டு டிஸ்க் எந்த நாட்டு பிளேயரில் ஓடும் என்ற பூட்டு. பிரான்ஸ் டிஸ்க் மண்டலம் 2, இந்தியா மண்டலம் 5. நம் ஊர் பிளேயர் பல சமயம் இதை எடுக்காது. நான் லேப்டாப்பில் டிரைவ் செருகி விஎல்சி என்ற வீடியோ மென்பொருளில் போட்டுப் பார்க்கிறேன். போட்டதும் எல்லோரும் பிரெஞ்சில் பேச ஆரம்பிப்பார்கள், பயப்பட வேண்டாம். மெனுவில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். தமிழ் சப்டைட்டில் எல்லாம் கிடையாது.

சரி, இத்தனை பாடு எதற்கு? ஒரே ஒரு பெண்ணுக்காக.

ஆர்யா என்ற சிறுமியாக நடித்த மெய்ஸி வில்லியம்ஸ். 1997 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் மார்கரெட், மெய்ஸி செல்லப் பெயர். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி, நடனக்காரியாக வேண்டும் என்றுதான் ஆசை. 12 வயதில் இந்தத் தொடருக்குத் தேர்வானார், அதற்கு முன் கேமரா முன்னால் நடித்ததே இல்லை. முதல் எபிசோட் 2011 ஏப்ரல் 17 அன்று ஒளிபரப்பானபோது 14 வயது முடிந்து இரண்டே நாள். 2019 மே மாதம் தொடர் முடியும்போது வயது 22. 73 எபிசோட் கொண்ட இந்தப் பெட்டி ஒரு வகையில் அந்தப் பெண்ணின் வளர்ச்சி ஆல்பம்.

அவர் நடிக்கும் ஆர்யா, நாவலில் இடக்கைக்காரி. மெய்ஸி வலக்கைக்காரர். நாவலில் இருப்பதுபோலவே இருக்கட்டும் என்று இடக்கையில் வாள் பிடிக்கப் பழகிக்கொண்டார். படிக்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். கடலூர் சில்வர் பீச் மணலில் என்னோடு ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று புரியும். சிலம்பத்தில் கம்பை இரண்டு கைக்கும் மாற்றிச் சுற்ற வேண்டும். பழகாத கைக்குக் கம்பு போனதும் மணிக்கட்டு மரக்கட்டையாகிவிடும், தோள் காதுவரை ஏறிவிடும். இடக்கைப் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோரோ, "மாஸ்டர், சோத்துக் கையில பிடிக்கச் சொல்லுங்க" என்று தனியாகக் கூப்பிட்டுச் சொல்வார்கள். நான் சொல்வதில்லை.

முதல் சீசன் மூன்றாம் எபிசோடின் கடைசிக் காட்சியைப் போடுங்கள். வாத்தியார் சிரியோ மரவாளைத் தூக்கிப் போடுகிறார், பிள்ளை கோட்டை விடுகிறது, நாளைக்குப் பிடிப்பாய் என்கிறார். அப்புறம் முதல் பாடமே ஒருக்களித்து நிற்பது. எதிரிக்கு உடம்பை அகலமாகக் காட்டாதே. நாங்களும் அங்கேதான் ஆரம்பிப்போம். மெய்ஸியின் பிடியில் இன்னும் இறுக்கம் இருக்கிறது. ஆனால் பாதம் பொய் சொல்லவில்லை, நடனம் பழகிய கால். அடுத்த எபிசோடில் படிக்கட்டு உச்சியில் ஒற்றைக் காலில் நிற்பாரே, அதில் இடுப்பைக் கவனியுங்கள்.

ஆறாம் சீசனில் வருவது கம்புச் சண்டை. பார்வை போன ஆர்யா தெருவில் பிச்சை எடுக்கிறாள், இன்னொரு பெண் தினமும் வந்து கம்பால் அடித்துவிட்டுப் போகிறாள். கண்ணை மூடும் வெள்ளை லென்ஸ் போட்டுக்கொண்டு நடித்திருக்கிறார். கம்பு முனை எங்கே என்று தெரியாமல் காற்றில் துழாவும் அந்தக் கை, பிறகு சத்தம் கேட்டுத் திரும்பும் தலை, கடைசியில் எதிராளியின் அடியைத் தடுக்கும் நிதானம் எல்லாம் படிப்படியாக வருகின்றன. கூடவே சொல்லிவிடுகிறேன், கம்பின் நீளம் நம்முடையதைவிடக் குறைவு, சுற்று கிடையாது, எல்லாம் அடியும் தடுப்பும்தான். அந்த ஆண்டு சிறந்த துணை நடிகைக்கான எம்மி (அமெரிக்க டிவி விருது) பரிந்துரைப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. 2019இல் இன்னொரு முறை.

ஏழாம் சீசன் நான்காம் எபிசோடில் பிரியன் என்ற பெண் போர்வீரரோடு மோதும் முற்றத்துக் காட்சியை நான் அரை வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். பிரியனாக நடிக்கும், ஆறடிக்கு மேல் உயரமான க்வெண்டலின் கிறிஸ்டி எதிரில், இவர் தோளுக்கும் கீழே. உயரம் இல்லாதவர் தூரத்தைச் சுருக்கி உள்ளே புகுந்துவிட வேண்டும், அதைத்தான் செய்கிறார். கத்தியை ஒரு கையிலிருந்து நழுவவிட்டு மறு கையில் பிடிக்கும் வித்தையும் இங்கேதான் முதலில் வருகிறது. எட்டாம் சீசனில் பிணப்படையின் தலைவனான நைட் கிங் ஆர்யாவின் இடக்கையைப் பிடித்துவிட, கத்தி வலக்கைக்கு விழுகிறது. ஆண்டுக்கணக்காக இடக்கையில் வாள் பிடித்த நடிகை கடைசி அடியைத் தன் சொந்தக் கையால் கொடுக்கிறார். யாரும் திட்டமிட்டார்களோ இல்லையோ, எனக்குப் புல்லரித்தது.

அந்த எபிசோட் மட்டும் டிவிடியில் பரிதாபம். ஒளிபரப்பானபோதே இருட்டு இருட்டு என்று உலகமே புலம்பியது, இதில் கரி பூசிய மாதிரி இருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தும் பாதி ஊகம்தான். மற்ற சீசன்களில் படம் தெளிவு, ஒலி பரவாயில்லை.

மெய்ஸி நடித்த மற்றவை இந்தப் பெட்டியில் இல்லை. பிரிட்டிஷ் டிவி தொடரான 'டாக்டர் ஹூ'வில் (2015) சாகாவரம் பெற்ற பெண்ணாக வருகிறார். 2024இல் 'த நியூ லுக்' தொடரில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து நாஜிகளின் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட கேத்தரின் டியோராக நடித்தார். அதற்கு ஆப்பிள் டிவி சந்தா வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஏன் வேண்டாம் என்றேன் என்றால், நிர்வாணமும் தலைவெட்டும் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வகுப்பில் சிரியோ பாடத்தை மட்டும் முன்கூட்டியே நிறுத்தி வைத்துக் காட்டுகிறேன். தனித்தனி சீசனாகக் கிடைத்தால் 1, 6, 7 போதும். சீசனுக்கு நூறு ரூபாய்க்கு மேல் கொடுக்காதீர்கள், கீறல் இருந்தால் அதுவும் வேண்டாம்.