கையில் மூவாயிரம், மடியில் நோயாளிக் குட்டி: எந்த வாசலுக்குப் போவது, எதைக் குறைப்பது?

மூன்று மாத நாய்க்குட்டி. நேற்று ராத்திரி முழுக்க வாந்தி. விடிந்ததும் ரத்தத்தோடு நாற்றமடிக்கும் கழிச்சல். தனியார் கிளினிக்கில் ஐந்து நாள் உள்ளே வைக்க வேண்டும் என்கிறார்கள். சொல்லும் தொகையில் கால்வாசிகூட வீட்டில் இல்லை. இந்த இடத்தில்தான் பலர் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கட்ட முடிந்தால் வைத்தியம், முடியாவிட்டால் விதி என்று நினைப்பதால் வரும் முடிவு அது. நடுவில் பல படிகள் இருக்கின்றன. எந்த நோய்க்கு எந்தப் படி போதும், எதில் சிக்கனம் பிடித்தால் உயிர் போய்விடும் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம்.

எந்த வாசல்?

தனியார் கிளினிக்கின் பலம் வேகம். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் இடம் பெரும்பாலும் அதுதான். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பில் ஏறுவது பரிசோதனைகளாலும் உள்ளிருப்பு நாட்களாலும். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கடைசியில், பில்லைப் பார்த்த பிறகு சொல்பவர்களே அதிகம். வெட்கம்தான் காரணம். உள்ளே நுழைந்ததுமே சொல்லிவிடுங்கள்: "டாக்டர், எங்ககிட்ட மூவாயிரம்தான் இருக்கு. அதுக்குள்ள இவனுக்கு எது ரொம்ப அவசியமோ அதை மட்டும் செய்யுங்க." தொகை தெரிந்தால்தான் மருத்துவரால் வரிசை மாற்றி யோசிக்க முடியும். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரிசல்ட்டைப் பொறுத்து மருந்து மாறுமா?" மாறாது என்றால் அந்தப் பரிசோதனையை இப்போதைக்கு விட்டுவிடலாம். மாறும் என்றால் அதில் கைவைக்காதீர்கள்.

அரசு கால்நடை மருந்தகத்தை ஊரில் "மாட்டாஸ்பத்திரி" என்பார்கள். பெயரைக் கேட்டே நாய் வளர்ப்பவர்கள் அங்கே போவதில்லை. அங்கிருப்பவரும் அதே கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றவர்தான். வெறிநாய்த் தடுப்பூசி, காயத்துக்குத் தையல், டிரிப், ஆன்டிபயாடிக் ஊசி ஆகியவற்றை இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ அங்கே பெறலாம். குறைகளும் உண்டு. பல இடங்களில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை வசதி இருக்காது. மருந்து இருப்பு ஆடு மாடுகளைக் கணக்கிட்டு வருவது. மருத்துவர் முகாமுக்குப் போயிருக்கலாம். ஆகவே காலையிலேயே போங்கள்; முடிந்தால் கேட்டுவிட்டுப் போங்கள்.

இவ்விரண்டையும் எதிரெதிராகப் பார்க்க வேண்டியதில்லை. நோய் என்னவென்று தனியாரிடம் ஒரே ஒருமுறை கண்டுபிடித்துக்கொண்டு, ஐந்து நாள் தொடர்ந்து போட வேண்டிய ஊசியை அந்தச் சீட்டோடு போய் மருந்தகத்தில் போட்டுக்கொள்ளலாம். செலவு பெருமளவு இறங்குவது இந்த இணைப்பில்தான். சீட்டில் மருந்தின் வேதிப்பெயர், அளவு, எத்தனை நாள், நாயின் எடை ஆகிய நான்கும் தெளிவாக இருக்கும்படி எழுதி வாங்குங்கள்.

அடுத்தது கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள். சென்னை வேப்பேரியில் இருக்கும் கல்லூரி 1903-இல் தொடங்கியது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் இருக்கின்றன. அறுவை, கண், எலும்பு என்று துறை வாரியாக ஆட்கள் இருப்பார்கள். கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. சில மருந்துகளையும் பொருட்களையும் வெளியே வாங்கித் தரச் சொல்வார்கள். அங்கே நாம் கொடுக்கும் பெரிய விலை நேரம். விடியற்காலையில் கிளம்பி, வரிசையில் நின்று, மாணவர்கள் பார்த்து, பிறகு ஆசிரியர் பார்த்து, ஒரு பகல் போய்விடும். மறுநாளும் வரச் சொல்லலாம். கட்டி, கர்ப்பப்பைச் சீழ், எலும்பு முறிவு போன்ற அறுவைச் சிகிச்சைகளுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. வாந்தி எடுக்கும் குட்டியை இருநூறு கிலோமீட்டர் பேருந்தில் கொண்டுவரத்தான் இது ஏற்ற இடமில்லை.

தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் தெருவில் அடிபட்டுக் கிடக்கும் விலங்குகளுக்கானவை. சென்னையில் இயங்கும் புளூ கிராஸும் அப்படித்தான். வளர்ப்பு நாய்க்கு முழு வைத்தியத்தை எதிர்பார்ப்பதைவிட, குறைந்த செலவில் கருத்தடை செய்து தருவார்களா என்று கேட்பது பலன் தரும். பார்வோ (வாந்தியும் ரத்தக் கழிச்சலும் தரும் வைரஸ் நோய்) வந்த குட்டியை மட்டும் காப்பக வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள்; உள்ளே இருக்கும் குட்டிகள் அத்தனைக்கும் பரவிவிடும். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் நடமாடும் வண்டி முக்கியமாகக் கிராமத்து ஆடு மாடுகளுக்கானது.

பார்வோ: உள்ளே வைப்பதா, தினமும் கொண்டுபோய் வருவதா?

பார்வோ வைரஸைக் கொல்லும் மருந்தை வழக்கமான சிகிச்சையில் யாரும் தருவதில்லை. குட்டியைக் கொல்வது நீரிழப்பும், கிழிந்த குடல் வழியே ரத்தத்தில் கலக்கும் கிருமிகளும். அந்த இரண்டையும் தாங்கிப் பிடித்தால் உடம்பே வைரஸை வென்றுவிடும். அதனால்தான் இங்கே நடுவழி ஒன்று சாத்தியமாகிறது.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 40 நாய்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே வைத்து நரம்பு வழியாக டிரிப் ஏற்றிய 20-இல் 18 பிழைத்தன. தோலுக்கடியில் திரவம், வாந்தியை நிறுத்தும் ஊசி, நீண்ட நாள் வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசி ஒன்று என்று எளிய முறையில் பார்த்த 20-இல் 16 பிழைத்தன. வித்தியாசம் இருக்கிறது; ஆனால் ஒன்றும் செய்யாமல் விடுவதோடு ஒப்பிட்டால் இரண்டாவது வழி எவ்வளவோ மேல். ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது: இரண்டு குழுவுக்குமே முதலில் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி நிலைப்படுத்திய பிறகுதான் பிரித்தார்கள். இருக்கும் பணத்தை முதல் நாளிலேயே, அந்த முதல் டிரிப்பில் போடுங்கள். நான்காம் நாள் கடன் வாங்கிக்கொண்டு ஓடுவதைவிட அது பல மடங்கு பயன் தரும்.

அந்த எளிய முறையில் தோலடித் திரவம் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 30 மில்லி, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளைக்கு நான்கு வேளை. ஐந்து கிலோ குட்டிக்கு வேளைக்கு 150 மில்லி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல். மருத்துவர் ஒருமுறை செய்து காட்டி, உங்களையும் செய்யவைத்துப் பார்த்த பிறகே வீட்டில் தொடர வேண்டும். பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து, உள்ளங்கையில் இதமாக இருக்கும் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்து, கூடாரத்தின் அடிவாரத்தில் ஊசியை நுழைக்க வேண்டும். முடி நனைந்தால் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு அந்த இடம் மொந்தையாக வீங்கும். கால் பக்கம் இறங்கவும் செய்யும். சில மணி நேரத்தில் வற்றிவிடும். அடுத்த வேளைக்குள் வற்றவில்லை என்றால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. அப்போது நரம்பு வழிதான், உடனே கிளம்புங்கள். குளுக்கோஸ் பாட்டிலைத் தோலடியில் ஏற்றவே கூடாது. சர்க்கரைக் கரைசல் உடம்பின் நீரையே அந்த இடத்துக்கு இழுக்கும். தோல் புண்ணாகி அழுகவும் கூடும்.

வாந்தி நிற்காதபோது வாய்வழியாக இளநீரோ ஓஆர்எஸ்ஸோ ஊற்றினால் மறுபடி வாந்தி வரும், நுரையீரலுக்குள்ளும் போகும். முதலில் வாந்தி ஊசி. இங்கே ஆன்டான்செட்ரானைப் பலர் பயன்படுத்துகிறார்கள், விலை குறைவு. வாந்தி அடங்கியதும் கிலோவுக்கு ஒரு மில்லி வீதம், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, வேகவைத்து மசித்த கோழிக்கறிக் கரைசலைச் சிரிஞ்சில் கொடுத்துப் பார்க்கலாம். வெங்காயமும் பூண்டும் சேரக் கூடாது. ஈறைப் பெருவிரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, பாதம் சில்லிட்டாலோ, ஆசனவாய்ச் சூடு 99 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ வீட்டு வைத்தியம் முடிந்தது.

பினாயில் பார்வோவைக் கொல்லாது. தரையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு பங்கு பிளீச் திரவத்துக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். மண்தரையில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசித் தவணைகளை முடிக்காத குட்டியை அந்த வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

உண்ணிக் காய்ச்சல்: மலிவான மருந்து, அவசரத்தில் கெடும் வைத்தியம்

சாப்பாட்டை ஒதுக்குகிறது, காய்ச்சல், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள், சில நேரம் மூக்கில் ரத்தம் என்றால் உண்ணி கடித்துப் பரவும் எர்லிகியா என்ற கிருமியாக இருக்கலாம். இதற்கான டாக்ஸிசைக்ளின் மனிதர்களுக்கும் தரப்படும் அதே மருந்து. வழக்கமான அளவு கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினமும், 28 நாள். பத்துக் கிலோ நாய்க்குத் தினம் ஒரு 100 மில்லிகிராம் மாத்திரை வீதம் மொத்தம் 28. மருத்துவரிடம் வேதிப்பெயரில் சீட்டு வாங்கி, மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ கேட்டால் செலவு வெகுவாகக் குறையும்.

இதில் இரண்டு தவறு நடக்கிறது. இரண்டு மூன்று நாளில் நாய் எழுந்து வாலாட்டும். ஐந்தாம் நாள் மருந்தை நிறுத்திவிடுவார்கள். கிருமி உள்ளேயே தங்கி, பிறகு எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கும் நிலைக்குப் போகலாம். இரண்டாவது, மாத்திரையை வெறும் வயிற்றில் உலர விழுங்கவைப்பது. உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும். சோற்று உருண்டைக்குள் வைத்துக் கொடுங்கள்.

எந்தச் சிக்கனத்திலும் விடக் கூடாதது ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் படலப் பரிசோதனை. அதே உண்ணிகள் பரப்பும் பெபேசியா என்ற ரத்த ஒட்டுண்ணியை டாக்ஸிசைக்ளின் மட்டும் குணமாக்காது, மருந்தே வேறு. சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அந்தச் சந்தேகம் உறுதியாகவே வர வேண்டும்.

பெயரைக் கேட்டே கைவிடப்படும் நோய்

பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்ற சதை, சொட்டும் ரத்தம். "கேன்சர்" என்ற சொல்லைக் கேட்டதும் நாயைக் கைவிடுபவர்கள் உண்டு. இணைசேரும்போது தொற்றும் இந்தக் கட்டிக்கு வின்கிரிஸ்டின் வாரம் ஒரு ஊசி, பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம். மிகப் பெரும்பான்மை நாய்கள் முழுசாகக் குணமாகின்றன. புற்றுநோய் மருந்துகளில் இது விலை குறைந்த ஒன்று. கத்தி வைக்கும் அறுவையைவிடப் பலனும் அதிகம், அறுத்தால் மறுபடி முளைக்கும். நரம்புக்கு வெளியே ஒரு துளி சிந்தினாலும் சதை அழுகும் என்பதால் பழகிய கை வேண்டும்; கல்லூரி மருத்துவமனை போங்கள்.

கர்ப்பப்பைச் சீழில் இப்படி மலிவான குறுக்குவழி கிடையாது. தீட்டு முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் பெண் நாய் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடித்து, சோர்ந்து, சாப்பிடாமல் கிடந்தால் அன்றே ஸ்கேன் பாருங்கள். சீழ் வெளியே வந்தால் கண்ணுக்குத் தெரியும்; கர்ப்பப்பையின் வாய் மூடிக்கொண்ட வகையே அதிக ஆபத்து. ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்தால் சில நாள் தள்ளிப்போகும், அடுத்த தீட்டில் திரும்பும். கர்ப்பப்பையை எடுப்பதே வைத்தியம். ஆரோக்கியமாக இருக்கும்போது செய்யும் கருத்தடை இதைவிட எப்போதும் மலிவு.

கால் முறிவில் பிளேட் வைப்பது செலவு மிகுந்தது. முறிவு எங்கே என்பதைப் பொறுத்து மாவுக்கட்டு போதலாம். சில இடுப்பெலும்பு முறிவுகளுக்கு ஆறு வாரம் கூண்டுக்குள் ஓய்வே போதும். எதுவும் ஒத்துவராதபோது காலை எடுத்துவிடுவதும் ஒரு நல்ல தேர்வு. மனிதர்களுக்குத்தான் அது மனசை அறுக்கிறது. மூன்று காலில் நாய் ஓடும்.

வீட்டு அலமாரி

எல்லாவற்றையும்விட மலிவாகத் தெரிவதும் பல நேரம் அதிக விலை கேட்பதும் இதுதான். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை உயிரைப் பறிக்கப் போதும். நாய்க்கு இபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் கொடுத்தால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகச் செயலிழப்பும் வரும். சொறிக்கு வண்டியின் கழிவு ஆயிலைத் தடவும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தோல் வெந்து, நக்கியதும் உள்ளே போய் நஞ்சாகும். சொறிப் பூச்சிக்கான மருந்து அரசு கால்நடை மருந்தகத்திலேயே குறைந்த செலவில் கிடைக்கும்போது இது தேவையே இல்லை. மஞ்சள் தண்ணீர், உப்புக் கரைசல் கொண்டு சிறு காயத்தைக் கழுவுவதில் தவறில்லை.

தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறியிருந்தால் "எலும்பு சிக்கியிருக்கும்" என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். வெறிநோய்க்கும் அதே தோற்றம். எச்சில் பட்ட கீறலைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், அங்கே இலவசம்.

கடனா, விடை கொடுப்பதா?

செல்லப்பிராணிக் காப்பீடு ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்கு உதவாது. இணையத்தில் நிதி திரட்டினால் பணம் சேர நாளாகும். அறுவைக்குத் தேதி கிடைத்திருக்கும் நோய்க்குச் சரி, பார்வோவுக்கு நேரம் போதாது. நகையை அடகு வைக்கும் முன் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "இவ்வளவு செலவழிச்சா பிழைக்க வாய்ப்பு எவ்வளவு? பிழைச்சா எப்படி வாழும்?" குட்டிப் பார்வோவுக்குக் கடன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. சிறுநீரகம் இரண்டும் கடைசி நிலையில் இருக்கும் கிழட்டு நாய்க்கு அந்தப் பணம் சில வேதனையான நாட்களை மட்டுமே வாங்கித் தரும்.

தெருவில் விட்டுவிடுவது ஒரு வழியே அல்ல. பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். அதற்குப் பதிலாகக் கருணை மரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். அரசு இடத்திலும் கேட்கலாம். முதலில் மயக்க ஊசி, பிறகு அளவு கூடிய மயக்க மருந்து நரம்பு வழியாக. சில நிமிடத்தில் தூங்கிவிடும். கண் மூடாமல் திறந்தே இருக்கும்; இதயம் நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், சிறுநீரும் பிரியலாம். அது வலியல்ல, தசைகளின் அசைவு. பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொடுக்க விரும்பும் குழந்தைகளிடம் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.