அன்றே சொல்லும் குரலா, திரும்பிப் பார்க்கும் குரலா?

தன்னைத் தேடும் இளையோரைப் பற்றிய புது நாவலை எடுத்தால், கதை எந்த வயதிலிருந்து சொல்லப்படுகிறது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

19 வயதிலேயே நின்று பேசும் குரலுக்கு வேகம் அதிகம். வீட்டைவிட்டுக் கிளம்பும் பெண் கதவைச் சாத்துகிறாள். கைப்பிடியின் குளிர்ச்சிகூட நமக்கு எட்டுகிறது. அவள் செய்வது சரியா என்பது மட்டும் தெரியாது. அந்தத் தெரியாமைதான் இவ்வகையின் உயிர். மூன்றாம் பக்கத்திலேயே அவள் மனநல ஆலோசகரைப் போலத் தன்னை அலசத் தொடங்கினால், பேசுவது எழுத்தாளர் என்று புரிந்துவிடும். அதற்குமேல் என்னால் நம்ப முடிவதில்லை.

40 வயதில் திரும்பிப் பார்ப்பவளுக்கு அதே கதவு வேறு. உள்ளே அம்மா விழித்திருந்தது இப்போது அவளுக்குத் தெரியும். ஒரே வரிக்குள் இரண்டு வயதுகள்! இங்கே ஆபத்து, உபதேசம்.

தன்னைத் தேடும் இளையோரின் கதையைச் சொல்லும் நாவலுக்கு ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெயரிட்ட பேராசிரியர் கார்ல் மோர்கன்ஸ்டெர்ன், அது நாயகனோடு வாசகரையும் வளர்ப்பதாகச் சொன்னார். எனக்கு அந்த வளர்ச்சி இரண்டாம் வகையில்தான் கிடைக்கிறது. ஆனால், 17 வயதுப் பிள்ளைக்குப் பரிசளிக்க முதல் வகையைத்தான் தேடுவேன்.