தீபாவளி தெரியாத நாட்காட்டி: மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்

வேலைத் திட்டங்களுக்கு அட்டவணை போடும் மென்பொருளான மைக்ரோசாஃப்ட் புராஜெக்ட்டில் முதலில் கிடைக்கும் 'ஸ்டாண்டர்ட்' நாட்காட்டிக்குத் தீபாவளியும் தெரியாது, தேசிய தினமும் தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை, எட்டு மணி முதல் ஐந்து மணி வரை வேலை. நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. சிங்கப்பூரின் 11 பொது விடுமுறைகளையும் நாமேதான் உட்கார்ந்து அடிக்க வேண்டும். அலுவலகங்களுக்கான உள்ளலங்காரப் பணிகளுக்கு அட்டவணை போடுவது என் பிழைப்பு. இவ்வளவு முணுமுணுத்தாலும் இந்த மென்பொருளை நான் விடுவதாக இல்லை.

'சேஞ்ச் வொர்க்கிங் டைம்' சன்னலைத் திறந்தால் இரண்டு பக்கங்கள். சனிக்கிழமையை வேலை நாளாக்க 'வொர்க் வீக்ஸ்'. விதிவிலக்கான நாள்களுக்கு 'எக்ஸப்ஷன்ஸ்'. பெயர், தொடக்கம், முடிவு என மூன்று கட்டங்களை நிரப்பினால் அந்த நாள் விடுமுறையாகிவிடும்.

2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. சட்டப்படி மறுநாள் திங்கள் விடுமுறை. ஞாயிறு எப்படியும் ஓய்வு நாள்தான். எனவே அடிக்க வேண்டிய தேதி 9. சனியும் வேலை செய்யும் குழுவுக்கு நவம்பர் 5ஆம் தேதி ஐந்து நாள் வேலை ஒன்றைத் தொடங்கிப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் 10ஆம் தேதி முடியும் என்று காட்டும், இருந்தால் 11. தரை ஓடு பதிப்பவரை வைத்துக்கொண்டு அடுத்த நாள் சாயம் பூசுபவருக்குத் தேதி சொல்லும் எனக்கு அந்த ஒரு நாள் பெரிய விஷயம்.

ஆண்டுதோறும் திரும்ப வரும்படி அமைக்கும் வசதியும் உண்டு. கிறிஸ்துமஸுக்குச் சரி. தீபாவளி, நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு எல்லாம் பிறையையும் நிலவையும் பார்த்து நகர்பவை. அவற்றுக்கு இது உதவாது. தேதி மாறாத தேசிய தினமும் 2026இல் ஞாயிறன்று வருவதால் ஆகஸ்ட் 10ஐத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது 'டீட்டெயில்ஸ்' பொத்தான். சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள் பாதி நாள் வேலையா? எட்டு முதல் பன்னிரண்டு வரை என்று மட்டும் கொடுத்தால் போதும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் ஊழியரின் விடுப்பை அவருடைய தனி நாட்காட்டியில் போடலாம். மற்றவர்களின் வேலை அசையாது. கான்கிரீட் இறுகுவதற்கு விடுமுறை ஏது? அந்தப் பணிக்கு மட்டும் '24 ஹவர்ஸ்' நாட்காட்டியைக் கொடுத்துவிடுகிறேன்.

ஒருமுறை அடித்த நாட்காட்டியை 'ஆர்கனைசர்' வழியாக அடுத்த திட்டத்துக்கும் நகலெடுக்கலாம். மனிதவள அமைச்சு அடுத்த ஆண்டுப் பட்டியலை வெளியிட்டதும் மறுபடி தட்டச்சுதான்.